ஒட்டக முதுகு ட்ரில்லிங் மெஷின்

பி.காம் முதல் வருடம் மேனேஜ்மென்ட் பேப்பர் எழுதிய எல்லோருக்கும் எஃப்.டபிள்யூ.டெய்லரைத் தெரியும். அறிவியல் மேலாண்மையின் தந்தை, இரண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதர் 26 வருடம் எதில் மண்டையை உடைத்துக்கொண்டார் என்பது எந்த நோட்ஸிலும் இருக்காது. இரும்பை எவ்வளவு வேகமாகச் சீவலாம் என்பதில்! அதற்கு முன்னால், 1893-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்துக்கு அவர் எழுதிக்கொடுத்த கட்டுரை முழுக்க முழுக்கத் தோல் பெல்ட்டைப் பற்றியது. இன்றைக்கு அமெரிக்காவில் சிலர் காயலான் கடை, பழைய பண்ணைக் கொட்டகை என்று அலைந்து திரிந்து பெல்ட்டில் ஓடும் ட்ரில்லிங் மெஷின்களை வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். அந்த மெஷின்களின் கதையில் டெய்லருக்குக் கிட்டத்தட்ட வில்லன் வேடம்.

முதலில் மெஷினைப் பார்ப்போம். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் வார்ப்பிரும்புத் தூண். அதன் மேல்பாகம் வளைந்து முன்னால் வந்து ட்ரில்லைத் தாங்கும். அந்த வளைவைப் பார்த்துத்தான் 'ஒட்டக முதுகு' என்று பெயர் வந்தது. அடியில் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் ஒரு புல்லி, மேலே அதே மாதிரி இன்னொன்று தலைகீழாக. பெல்ட்டை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தள்ளினால் வேகம் மாறும். உச்சியில் இருக்கும் சாய்வுப் பல்சக்கரங்கள், படுக்கையாக வரும் சுழற்சியைச் செங்குத்தாகத் திருப்பிவிடும். இல்லினாய் மாநிலம் ராக்ஃபோர்டில் இருந்த பார்ன்ஸ் கம்பெனி இந்த ரகத்தில் பேர் பெற்றது. அளவு சொல்வதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 20 அங்குல மெஷின் என்றால் தூணிலிருந்து ட்ரில்லுக்கு 10 அங்குலம்தான் இருக்கும். 20 அங்குல வட்டத் தகட்டின் நடுவில் ஓட்டை போடலாம் என்பதுதான் அந்தக் கணக்கு.

இந்த மெஷினுக்கென்று தனி மோட்டார் கிடையாது. தொழிற்சாலையின் கூரையை ஒட்டி நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓடும். அதை ஒரு நீராவி இன்ஜினோ நீர்ச்சக்கரமோ சுழற்றும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெல்ட் இறங்கும். பழைய ரைஸ் மில்லில் பெல்ட் படபடவென்று அடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே ஒரு ட்ரில் ஓட வேண்டுமென்றாலும் மொத்த ஷாஃப்ட்டும் சுற்றியாக வேண்டும். வேட்டி நுனியோ சட்டைக் கையோ மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கேயும் அதுதான் நடந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1877-ல் தொழிற்சாலைச் சட்டம் போட்டபோது பெல்ட், ஷாஃப்ட், பல்சக்கரம் இவற்றுக்கெல்லாம் தடுப்பு வைக்க வேண்டும் என்று அதில் எழுத வேண்டியிருந்தது.

சரி, டெய்லர் என்ன செய்தார்? 1898 முதல் 1900 வரை பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியில் அவரும் மான்செல் ஒயிட்டும் சேர்ந்து, உருகும் நிலைக்குப் பக்கத்தில் சூடாக்கிப் பதப்படுத்திய ஒரு வெட்டு எஃகை உருவாக்கினார்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில் அந்தக் கருவி முனை சிவக்கச் சிவக்க இரும்பைச் சீவியதைப் பார்த்து ஐரோப்பிய இன்ஜினியர்கள் அசந்து போனார்கள். ஹை ஸ்பீட் ஸ்டீல் என்று இன்றும் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதன் தொடக்கம் இதுதான். தன் 26 வருடச் சோதனைகளில் 8 லட்சம் பவுண்டுக்கு மேல் இரும்பைச் சீவித் தள்ளியதாக 1906-ல் அவரே கணக்குக் கொடுத்தார். விளைவு? ட்ரில் முனை பல மடங்கு வேகத்தைத் தாங்கும், ஆனால் அதைச் சுழற்றும் மெஷின் தாங்காது. பெல்ட் வழுக்கும், மெலிந்த சட்டம் நடுங்கும். பழைய மெஷின்களில் எதுவும் ரிப்பேர் ஆகவில்லை. அவற்றின் வயதுதான் ஒரே நாளில் கூடிவிட்டது. தேய்மானம் பற்றிய பாடத்தில் 'வழக்கொழிவு' என்று ஒரு வரியில் கடந்து போவோமே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

மிச்சத்தை மின்சாரம் பார்த்துக்கொண்டது, ஆனால் மெதுவாக. 1899-ல் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயந்திர சக்தியில் மின்மோட்டாரின் பங்கு 5 சதவீதம்கூட இல்லை. 1920 வாக்கில்தான் அது பாதியைத் தாண்டியது. பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை மிகப் பிரபலம். முதலாளிகள் முதலில் நீராவி இன்ஜினைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். ஷாஃப்ட்டும் பெல்ட்டும் அப்படியே ஓடின. போட்ட முதலை விட மனசு வருமா? மெஷினுக்கு ஒரு மோட்டார் என்று ஆன பிறகுதான் கூரை ஷாஃப்ட் கீழே இறங்கியது. 1917-ல் டென்வரில் ஜான் கேட்ஸ் உருவாக்கிய வி-பெல்ட் வந்ததும் சின்ன மெஷின்களுக்குத் தட்டை பெல்ட்டே வேண்டாம் என்றாகிவிட்டது. ஒட்டக முதுகுகள் ஏட்டில் பூஜ்ஜியம் ஆகி, கிராமத்துக் கொல்லன் பட்டறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 1942-ல் போருக்காக நாடெங்கும் பழைய இரும்பு திரட்டியபோது அவற்றில் எத்தனையோ உலைக்குள் போயின.

தப்பியவற்றைத்தான் இப்போது தேடுகிறார்கள். பெரும்பாலும் பழைய இரும்பு விலைக்கே கிடைக்கும். வாங்குவது சுலபம், வீட்டுக்குக் கொண்டு வருவதில்தான் ஆபத்து. கனமெல்லாம் மேலே, பாதம் சிறியது, வார்ப்பிரும்போ வளையாமல் உடையும் ரகம். நூறு வருடம் தாக்குப்பிடித்த மெஷின் வண்டியில் ஏற்றும்போது சாய்ந்து நொறுங்கிய கதைகள் நிறைய உண்டு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் கழற்றி, படுக்க வைத்துத்தான் ஏற்றுவார்கள். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது துருவை அல்ல, உச்சியில் இருக்கும் பல்சக்கரத்தில் பல் போயிருக்கிறதா என்பதைத்தான். துருவுக்குச் சலவை சோடா கரைத்த தண்ணீரும் பேட்டரி சார்ஜரும் போதும். (எதிர்த்தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் கூடாது, விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும்.)

உண்மையான வேலை பேரிங்கில் இருக்கிறது. பல மாடல்களில் பால் பேரிங் கிடையாது, 'பேபிட்' என்ற மென்மையான உலோகம்தான். ஐசக் பேபிட் 1839-ல் காப்புரிமை வாங்கியது. வெள்ளீயத்தோடு செம்பும் ஆன்ட்டிமனியும் சேர்ந்த கலவை. தேய்ந்தால் ஷாஃப்ட் தேயாது, பேபிட்தான் தேயும். கொஞ்சம் தேய்ந்திருந்தால் மூடிக்கு அடியில் வைத்திருக்கும் மெல்லிய தகடுகளில் ஒன்றை உருவி எடுத்தால் பிடிமானம் திரும்பிவிடும். ரொம்பத் தேய்ந்திருந்தால் பழையதை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக வார்க்க வேண்டும். ஷாஃப்ட்டைச் சரியான மட்டத்தில் நிறுத்தி, சூடாக்கி, ஒட்டாமல் இருக்கப் புகைக்கரி பிடிக்க வைத்து, ஓரங்களைக் களிமண்ணால் அடைத்து, ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். பாதியில் நிறுத்தினால் அடுக்கு விழுந்துவிடும். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உருகிய உலோகம் வெடித்துத் தெறிக்கும். அந்தக் காலத்துப் பட்டறையில் சாதாரண வேலை. இன்று அதைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆள் தேட வேண்டியிருக்கிறது.

கடைசியில் மேஜை. எல்லாப் பழைய ட்ரில்லிங் மெஷின் மேஜையிலும் அரைகுறை ஓட்டைகள் இருக்கும், தொழில் பழகிய பையன்கள் நிறுத்தத் தெரியாமல் இறக்கியவை. அதை வார்ப்பிரும்புக் கட்டை வைத்து அடைத்து மழமழவென்று கடைந்துவிடுவதா, அப்படியே விடுவதா என்பதில் புதுப்பிப்பவர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. அடைப்பவர்கள் மெஷின் வேலைக்குத்தானே என்கிறார்கள். விடுபவர்கள் எண்ணெய் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, தோல் பெல்ட்டின் முடிப்பக்கம் புல்லியில் படும்படி மாட்டி, ஓட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள்.