கான்டெஸாவைக் காயலான் கடைக்குப் போடலாமா?

"மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒண்ணு வேணும் சார்" என்று மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தபோது, நான் சோழவந்தான் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு ஷெட்டில், ஒரு பழைய காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்தேன். கையில் ஸ்க்ரூ டிரைவர், கண்ணெல்லாம் துரு. "சரித்திரம்தானே, என் தலைக்கு மேலேயே தொங்குது. எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

வண்டி 1986ல் பதிவான ஹிந்துஸ்தான் கான்டெஸா. நம் செட்டுக்காரர்கள் பலருக்கு இது பழக்கமான வண்டிதான். 1978ல் கல்லூரியை விட்டு வெளியேறிய நாங்கள் 2003ல் கூடியபோது, இதில் எட்டுப் பேர் அடைந்துகொண்டு அழகர்கோயில் போய் வந்தோம். அந்த எட்டில் இன்று ஐந்து பேர்தான் இருக்கிறோம். 2020ல் கொரோனா முடக்கத்தின்போது தோப்பு ஷெட்டில் நிறுத்தினேன். அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. இப்போது தோப்பு பாகம் பிரிந்து தம்பி பக்கம் போகிறது. தைக்குள் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். காயலான் கடைக்காரர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, எடைக்கு 35,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். மறுபடி ஓட வைக்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்தால் மூன்று லட்சத்துக்குக் குறையாது போல இருக்கிறது. கணக்குப் போடத் தெரிந்தவன் என்ன செய்வான் என்று உங்களுக்கே தெரியும்.

மாணவத் தம்பி தங்கைகளில் பலர் இந்த வண்டியைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். அதனால் கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன்.

அமெரிக்காவில் 'மஸில் கார்' என்று ஓர் இனம் உண்டு. 1964ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வைத்தான் அதற்குத் தொடக்கம் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். நடுத்தர அளவு உடம்புக்குள் 6.4 லிட்டர் வி-8 எஞ்ஜினைத் திணித்து, 325 குதிரைச் சக்தி எடுத்தார்கள். நம் நாட்டில் 'மஸில் கார்' என்று பழைய கார்ப் பிரியர்கள் செல்லமாக அழைப்பது கான்டெஸாவைத்தான். நீண்ட மூக்கு, இடுப்பு ஒடுங்கிய உடல், அகன்ற பின்புறம் என்று பார்த்த மாத்திரத்தில் அந்தச் சாயல் தெரியும். அது தற்செயலும் அல்ல. கான்டெஸா என்பது இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர். 1972ல் வந்து 1978ல் அங்கே நின்றுபோன மாடல். வாக்ஸால் கம்பெனி 1925 முதலே அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் கையில் இருந்தது. பான்டியாக்கும் அதே வீட்டுப் பிள்ளைதான். ஆக, நம் கான்டெஸா ஜி.டி.ஓ.வுக்குச் சித்தப்பா பிள்ளை முறை.

ஆனால் உள்ளே திறந்து பார்த்தால் கதை தலைகீழ். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984ல் இதை வெளியிட்டபோது, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இந்த உடம்புக்குள் வைத்தது அம்பாஸடரின் 1489 சி.சி. எஞ்ஜின். சுமார் 50 குதிரைச் சக்தி. கொடைக்கானல் மலை ஏறும்போது பஸ்காரன் ஹாரன் அடித்துத் தாண்டிப் போவான். சதை உண்டு, வலு இல்லை. சில வருஷம் கழித்துத்தான் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்ஜினும் ஐந்து கியரும் போட்டு 'கான்டெஸா கிளாஸிக்' வந்தது. 88 குதிரைச் சக்தி. அப்புறம்தான் அந்த உடம்புக்கு ஏற்ற நடை வந்தது. 2002ல் உற்பத்தி நின்றது.

இந்த வேடிக்கையைக் கான்டெஸா மட்டும் செய்யவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உடம்பு ரோவர், இதயம் பழைய வேன்கார்டு. அது மூன்று நாலு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பிரீமியர் 118 என்.இ.யும் அதே சமயம் வந்ததுதான், ஃபியட் உடம்பும் நிஸ்ஸான் எஞ்ஜினுமாக. லைசென்ஸ் ராஜ்யம் நடந்த காலம். வெளிநாட்டில் ஓய்வு பெற்ற அச்சுகளை வாங்கி, வீட்டில் இருக்கிற எஞ்ஜினை மாட்டி, 'சொகுசுக் கார்' என்று பெயர் வைத்தோம். 1983 டிசம்பரில் வந்த சின்ன மாருதி இவை எல்லாவற்றையும் ஓரம் கட்டியது.

என் வண்டியிலும் இந்தக் கதை அப்படியே இருக்கிறது. முதல் சொந்தக்காரர் ஊரில் பெரிய மனிதர். 1996ல் அம்பாஸடர் எஞ்ஜினைக் கழற்றிவிட்டு இசுசு போட்டு, ஆர்.சி. புக்கிலும் முறையாகப் பதிந்துவைத்தார். நான் 1998ல் வாங்கியபோது, பழைய எஞ்ஜினைச் சாக்கில் கட்டிக் கொசுறாகக் கொடுத்தார். கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை தருகிற மாதிரி! அந்தச் சாக்கு இன்றும் ஷெட் மூலையில்தான் இருக்கிறது.

இங்கேதான் எனக்குச் சிக்கல். வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவா என்கிறார்கள். எந்தப் பழைய நிலைக்கு? 1986க்கா, 1996க்கா?

மத்திய அரசு 2021 ஜூலையில் பழமையான வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், உடம்பு, எஞ்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படி இருந்தால் எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. என் வண்டிக்கு ஐம்பது நிறைவது 2036ல். அதுவரை இது வெறும் கிழட்டுக் கார்தான். கிழட்டுக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. விதியின் கண்ணுக்கு இசுசு எஞ்ஜின் ஒரு குற்றம். எனக்கோ வண்டி என்றால் அந்த இசுசுதான், எட்டுப் பேரை அழகர்கோயிலுக்கு இழுத்துப் போனது அதுதானே.

யோசித்துப் பார்த்தால், மாற்றாமல் வைத்திருப்பது மதுரைக்காரன் வழக்கமே இல்லை. திருக்குறுங்குடியிலிருந்து வந்த திரு. டி.வி.சுந்தரம் அய்யங்கார் அவர்கள் 1912ல் பஸ் ஓட்டத் தொடங்கினார். சாலையெல்லாம் மாட்டு லாட ஆணி. டயர் பஞ்சராகாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியை விட்டு ஆணிகளைப் பொறுக்கவைத்தார் என்று மதுரையில் இன்றும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா விழுந்து பெட்ரோல் அருகியபோது, டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் செய்து கொடுத்தார்கள். வண்டியின் பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு கலந்த வாயு வரும். அதை வடிகட்டி எஞ்ஜினுக்குக் கொடுப்பார்கள். வேகம் குறைவு, கரி படியும், ஆனாலும் ஓடியது. தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையும் அவர்கள் வைத்ததுதான். ஐம்பதுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளைத் தென்னாட்டில் விற்றதில் முன்னணியில் நின்றதும் அந்தக் குடும்பத்துச் சுந்தரம் மோட்டார்ஸ்தான். 1972ல் பஸ்கள் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பஸ் போனாலும் அங்கே தொழில் கற்ற கைகள் போகவில்லை. அவை பழங்காநத்தத்திலும் செல்லூரிலும் சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்புகளாக முளைத்தன.

அப்படி ஓர் ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகிய பெரியவரைத்தான் ஷெட்டுக்குக் கூட்டிவந்தேன். டிங்கர் வேலை. எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். வந்ததும் அவர் பானெட்டைத் திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து, கதவு, மட்கார்டு, கதவுக்குக் கீழ் விளிம்பு என்று ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தார். ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது. ஒட்டாமல் விழுந்தால் வெறும் பட்டி பூசி மறைத்த இடம். (எனக்குச் சட்டென்று அந்த ஆணி பொறுக்கிய காந்தம் ஞாபகம் வந்தது.) இடது பக்கம் இரண்டு இடத்தில் விழுந்தது. பிறகு கீழே படுத்து ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கச் சொன்னார். கான்டெஸாவுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. உடம்பே சேஸிஸ். பக்கவாட்டுப் பெட்டியும் அடித்தகடும் அரித்துப்போனால் எஞ்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகள் இதை ஒரு தடவை கண்ணால் பார்ப்பது நல்லது. பழைய கார் வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது அடிப்பாகத்தைத்தான், பெயிண்டை அல்ல.

மதுரை வெயிலில் துரு குறைவு என்பார்கள். ஆனால் சோழவந்தான் வாய்க்கால் பாசனம். நெல்லும் வெற்றிலையும் விளைகிற ஈர மண். டிரைவர் காலடியில் ஸ்க்ரூ டிரைவர் அப்பளத்தில் இறங்குகிற மாதிரி இறங்கியது. வயரிங்கை எலி தின்றுவிட்டது. ஆனால் பக்கவாட்டுப் பெட்டிகள் இரண்டும் 'டங்' என்று சத்தம் கொடுத்தன.

"நிக்கும் சார்" என்றார் பாய். "இதுல இரும்பு இருக்கு. இப்ப வர்ற வண்டில நான் தட்டுறதுக்கு இரும்பு எங்க இருக்கு? கதவு அடி வாங்கினா கதவையே மாத்திடுறாங்க."

"எத்தனை மாசம் ஆகும் பாய்?"

"என் மணிக்கட்டு எப்படி இருக்கோ அப்படி."

அவருக்கு எழுபத்திரண்டு வயது. மகன் ஒரு ஷோரூமில் சர்வீஸ் அட்வைசர். சுத்தியலைத் தொட்டதில்லை.

வீட்டில் கேட்டேன். என் மனைவி, "மூணு லட்சத்துக்கு மொட்டை மாடில ஒரு ரூமே கட்டலாம்" என்றாள். நியாயம்தான். வெளிநாட்டில் இருக்கும் மகன், "கோயம்புத்தூர் மியூசியத்துல கொடுத்துடுங்கப்பா" என்றான். திரு. ஜி.டி.நாயுடு அவர்களின் குடும்பத்தார் 2015ல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்தைச் சொல்கிறான். நானும் போய்ப் பார்த்திருக்கிறேன், மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். ஆனால் அங்கே எஞ்ஜின் மாற்றிய என் வண்டியை எதற்கு வைப்பார்கள்? தவிரவும், கயிறு கட்டி நிறுத்திய காரைப் பார்த்தால் எனக்குத் தொழுவத்தில் பொம்மை மாடு நிற்கிற மாதிரி இருக்கும். கம்பெனிக்காரர்களே பெயரை விற்றுவிட்டார்கள். அம்பாஸடர் பெயர் 2017ல் 80 கோடிக்குப் பிரெஞ்சு பெஜோவுக்குப் போனது, கான்டெஸா பெயர் 2022ல் வேறு கைக்குப் போனது. பெயரும் போய், தட்டுகிற கையும் ஓய்ந்துபோனால், பிறகு மூன்று லட்சமல்ல, முப்பது லட்சம் வைத்திருந்தாலும் செய்ய ஆள் இருக்காது. எனக்கு அவசரம் வண்டியின் வயதால் வந்ததல்ல, பாயின் மணிக்கட்டால் வந்தது.

ஆகவே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். காயலான் கடைக்காரருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். இசுசு எஞ்ஜின் அப்படியே இருக்கும், வண்டி ஓட வேண்டும். பழைய 1489ஐச் சாக்கிலிருந்து எடுத்துக் கழுவி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, கிரீஸ் தடவி, மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். 2036ல் எனக்கு எழுபத்தொன்பது. அப்போது யாருக்காவது 'வி.ஏ.' எண் வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து மாட்டிக்கொள்ளட்டும். அவர்களுக்குத் தோன்றாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

வண்டி இப்போது பழங்காநத்தத்தில் நிற்கிறது. அடித்தகடு வெட்டிப் புதுத் தகடு வைத்தாகிவிட்டது. பின் விளக்குக் கண்ணாடிக்குச் சென்னை புதுப்பேட்டையில் சொல்லிவைத்திருக்கிறேன். நாலு சனிக்கிழமையாக நம் கல்லூரி மூன்றாம் வருஷ மாணவர்கள் இருவர் வந்து பாயோடு உட்கார்ந்து தகடு தட்டப் பழகுகிறார்கள். முதல் நாள் ஒருவன் கட்டைவிரலைத் தட்டிக்கொண்டான். பாய் சிரித்துவிட்டு, "இப்பத்தான் தம்பி ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

சந்திப்பு நாளுக்குள் பெயிண்ட் முடியாது. சாம்பல் நிறப் பிரைமரோடுதான் கொண்டுவருவேன். ஆர்.சி. புதுப்பிக்கிற வேலையும் முடியவில்லை, அதனால் லாரியில் ஏற்றித்தான். வந்தவர்கள் ஏறி உட்கார்ந்து பார்க்கலாம். இடது பின்கதவு மட்டும் வெளியிலிருந்துதான் திறக்கும், கொஞ்சம் தட்டிக் கூப்பிடுங்கள்.