பெயின்ட் கடைசியில்தான்



1885-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கப்பற்படை மருத்துவராக இருந்த கார்டன் ஸ்டேபிள்ஸுக்காக 'வாண்டரர்' என்ற வண்டிவீடு செய்தார்கள். இரண்டு குதிரைகள் இழுத்தன. உல்லாசப் பயணத்துக்கென்றே பிறந்த முதல் கேரவன் அது என்பர். 1919-ல் பர்மிங்காமின் எக்கிள்ஸ் நிறுவனம் கார் இழுக்கும் கேரவன்களுக்கு வந்தது.

பின்னாளில் மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தினார்கள். மூட்டில் பூசிய பசை காய்ந்து வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும். வெளியே பளபளப்பு, உள்ளே மரம் இற்றுவிடும். பழைய கேரவனைப் புதுப்பிப்பவர்கள் முதலில் ஒழுகும் இடத்தைத் தேடுவார்கள். தகட்டைக் கழற்றி, உலரவிட்டு, இற்ற மரத்தை மாற்றி, மூட்டை அடைப்பார்கள். பெயின்ட் கடைசியில்தான்.

வகுப்பில் நான் சில பிள்ளைகளின் கையெழுத்தைத்தான் திருத்தினேன். வீட்டில் எங்கே ஒழுகுகிறது என்று கேட்கவில்லை. இப்போது உறுத்துகிறது. ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, நீங்கள் கேளுங்கள்.