புகையிலை: அக்பரின் சபையிலிருந்து விழுப்புரம் வரை

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் நிற்கும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலைச் செஞ்சிவாசிகள் அனைவரும் அறிவர். ஆற்காட்டு நவாபின் பெயர் தாங்கிய அப்பள்ளி எழுவதற்கு முன்னரே, 1649-ல், இக்கோட்டை பீஜப்பூர் சுல்தான்களின் கைக்கு வந்தது. 1677-ல் சிவாஜி கைப்பற்றும் வரை அவர்களிடமே இருந்தது. அதே பீஜப்பூருக்கு இந்திய வரலாற்றில் வேறொரு பங்கும் உண்டு. இன்று நம் வீட்டு ஆண்கள் பலரின் சட்டைப்பையில் இருக்கும் பொருள், முகலாயப் பேரரசரின் சபைக்குச் சென்றது அவ்வூரிலிருந்துதான்.

போர்த்துகீசியர் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த புகையிலை, கோவா வழியாகத் தக்காணத்தில் பரவியிருந்தது. அக்பரின் தூதராகப் பீஜப்பூர் சென்ற அஸத் பேக் அதை அங்கே கண்டார். 1604-ஆம் ஆண்டு வாக்கில் திரும்பும்போது, அழகிய புகைக்குழாயுடன் ஒரு தொகுதியை வாங்கி வந்து மன்னர் முன் வைத்தார். இது என்ன என்று மன்னர் வினவ, மக்காவிலும் மதீனாவிலும் நன்கறியப்பட்ட பொருள் இது, மருந்தாகக் கொண்டு வந்துள்ளார் என்று கான்-இ-ஆஸம் விளக்கினார். அக்பர் இரண்டு மூன்று முறை இழுத்தார். உடனே அரண்மனை ஹகீம் குறுக்கிட்டுத் தடுத்தார். நம் நூல்களில் இல்லாததும், நம் அறிஞர்கள் சோதித்துப் பாராததுமான ஒன்றை, ஐரோப்பியர் செய்கிறார்கள் என்பதற்காக ஏற்கலாகாது என்பது அவர் வாதம். எந்த வழக்கமும் ஒரு காலத்தில் புதியதாகத்தானே இருந்திருக்கும் என்று அஸத் பேக் மறுத்தார். இவற்றையெல்லாம் அவரே எழுதி வைத்துள்ளார். அக்பர் அப்பழக்கத்தை மேற்கொள்ளவில்லை. ஆனால் பிரபுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் கேட்டு வாங்கினர், வியாபாரிகள் விற்கத் தொடங்கினர்.

ஹகீமின் சொல்லில் மருத்துவத்தின் அடிப்படையே அடங்கியிருந்தது. அவர் கேட்டது சோதனை. அதைச் செய்வார் அன்று எவருமில்லை.

ஆட்சியாளர்கள் தடையை நாடினர். ஜஹாங்கீர் 1617-ல் தடை செய்தார். ஈரானில் ஷா அப்பாஸும் தடை செய்திருந்தார். ஆனால் அங்கே சென்ற ஜஹாங்கீரின் சொந்தத் தூதர் கான் ஆலமால் ஒரு கணமும் புகையின்றி இருக்க முடியவில்லை. ஷா அவருக்கு மட்டும் விலக்களிக்க நேர்ந்தது! உதுமானிய சுல்தான் நான்காம் முராத் 1633-ல் தடை விதித்து, மீறியோருக்கு மரண தண்டனையும் கொடுத்தார். அவர் காலத்திற்குப் பின், தாமே புகைக்கு அடிமையாயிருந்த ஷைகுல் இஸ்லாம் பஹாயி எஃபெந்தி அது கூடும் என ஃபத்வா வழங்கினார். வாளுக்கு அஞ்சி விட்டவர்கள் வாள் அகன்றதும் மீண்டும் பற்ற வைத்தனர்.

மார்க்க அறிஞர்களிடையே முபாஹ், மக்ரூஹ், ஹராம் என மூன்று கருத்துகளும் எழுந்தமைக்குக் காரணம் உண்டு. ஹிஜ்ரி ஆயிரத்தையொட்டித் தோன்றிய பொருளுக்கு முன்னோர் நூல்களில் நேரடி ஹுக்மு இல்லை. எனவே ‘இது தீங்கு தருமா?’ என்ற கேள்வியைச் சுற்றியே விவாதம் நடந்தது. டமாஸ்கஸின் அப்துல் கனீ அந்நாபுலுஸீ போன்ற பேரறிஞர் அதை ஆகுமானது என வாதிட்டது, தீங்கு நிறுவப்படாத காலத்தில். அவர் பெயரைச் சொல்லி இன்று பீடி பற்ற வைப்பது அப்பெரியாருக்குச் செய்யும் அநீதி. கான்-இ-ஆஸம் சான்று காட்டிய மக்காவிலும் மதீனாவிலுமே 2000-களின் தொடக்கத்தில் புகையிலை விற்பனை தடுக்கப்பட்டது.

ஹகீம் கேட்ட சோதனை நம் மாவட்டத்திலேயே நடந்தது. டாக்டர் கஜலட்சுமி, ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோ முதலியோரின் ஆய்வு 2003-ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. 1990-களின் பிற்பகுதியில் நோயால் இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிருடன் இருந்த 35,000 பேரின் பழக்கத்தோடு அவர்கள் ஒப்பிட்டனர். நகரத்திற்குச் சென்னை. கிராமத்திற்கு விழுப்புரம் மாவட்டம். மாண்டோரில் சுமார் 16,000 பேர் கிராமத்தார். அவர்களது வீட்டாரிடம் கேட்டறிந்த விவரங்களே கணக்காயின.

சென்னையில் 25 முதல் 69 வயது வரை, புகைத்தவர்களின் இறப்பு விகிதம் புகைக்காதவர்களுடையதைப் போல் இருமடங்கு. காசநோய் இறப்போ நான்கரை மடங்கு. கிராமத்திலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகையே காரணம் என்றும், சிகரெட்டோ பீடியோ புகைப்போரில் நால்வரில் ஒருவர் அந்த வயதிற்குள்ளேயே அதனால் மாண்டு, ஏறக்குறைய 20 ஆண்டு வாழ்வை இழப்பர் என்றும் ஆய்வு முடிவுரைத்தது. பீடி இலேசானது என்ற நம்பிக்கை இதோடு பொய்த்தது. (பீடி சுற்றிப் பிழைக்கும் நம் சமுதாயப் பெண்களின் நிலை தனியே எழுதத்தக்கது.)

தீங்கு தெளிவான பின், தன்னைத் தானே அழிவில் போட்டுக்கொள்வதைத் தடுக்கும் அல்பகரா 195-ஆம் வசனத்தின் கருத்தை உலமாக்கள் இங்கே பொருத்திக் காட்டுகின்றனர். ஆயினும் ஹராம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், முராதின் வாளைப் போலவே அதுவும் தோற்கும். நிகோடினுக்கு அடிமைப்பட்ட உடலுக்கு உதவி வேண்டும்.

இரு தீங்குகளில் இலேசானதை ஏற்கலாம் என்ற ஃபிக்ஹு விதி இங்கே துணைபுரியும். நுரையீரலை அழிப்பது புகை. நிகோடின் சூயிங்கம் புகையில்லாமல் ஏக்கத்தைத் தணித்து, படிப்படியாக விட உதவுகிறது. (நோன்பு நேரத்தில் மெல்லக் கூடாது என்று சொல்லவேண்டியதில்லை.) அதே விதியைக் காட்டி ஹான்ஸுக்கும் குட்காவுக்கும் மாறுவது கூடாது. அவை வாய்ப்புற்றுக்கு வழி. மின்சிகரெட்டோ 2019 முதல் இந்தியாவில் சட்டப்படி தடைசெய்யப்பட்டது.

ரமளானில் பகல் முழுதும், சுமார் 13 மணி நேரம், புகையின்றி இருக்கும் சகோதரர் மஃரிபு பாங்கு கேட்டதும் பள்ளியின் வெளிவாசலில் பற்ற வைப்பதைப் பார்க்கிறோம். ஏக்கம் கடுமையாக இருப்பது முதல் சில நாட்கள்தான். மூன்று, நான்கு வாரங்களில் பெரிதும் தணிகிறது. ரமளானும் அத்தனை நாட்களே. பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பதாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின்படி, 30 வயதில் விட்டவர் சுமார் பத்தாண்டு ஆயுளையும், 60 வயதில் விட்டவரும் மூன்றாண்டையும் மீட்கிறார். 2016-ல் தொடங்கிய மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது. பள்ளி அறிவிப்புப் பலகையில், தொழுகை நேரங்களுக்குக் கீழே இந்த எண்ணையும் எழுத ஜமாஅத் நிர்வாகிகள் ஏற்பாடு செய்யலாம்.