பூட்டிய அலுமாரியும் வாசிக்குங் குரலும்: மாத்தளைத் தோட்டப் பாடசாலை நூலகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை செல்லும் வீதியோரத்தில் அலுவிகாரை அமைந்துள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா எனப்படும் வட்டகாமினி அபயனின் காலத்தில், அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்டு வந்த திரிபிடகம் இங்கே ஏட்டில் எழுதப்பட்டதெனப் பௌத்த மரபு கூறும். போரும் பஞ்சமும் மனனஞ் செய்த பிக்குகளின் தொகையைக் குறைத்துவிட்ட நிலையில் குரலிலிருந்து ஏட்டுக்குச் செல்வது தவிர்க்கவியலாததாயிற்று. நூலின் வரலாற்றில் இத்தகைய இடம் பெற்ற மாவட்டத்திலேதான், இதே வடபாதை வழியாக மன்னார்க் கரையிலிருந்து கால்நடையாக வந்து கோப்பித் தோட்டங்களை உருவாக்கிய தமிழ் மக்களின் பிள்ளைகள், பாடநூல் அல்லாத ஒரு புத்தகத்தைத் தாமே தெரிந்தெடுத்து வாசிப்பதற்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

தோட்டப் பாடசாலைகளைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் கட்டடங்களையும் ஆசிரியர் தொகையையும் எண்ணிக் காட்டினர். அவை எண்ணப்பட வேண்டியனவே. எனினும் பிள்ளை எதனை வாசித்தது, விரும்பி வாசித்ததா என்ற வினா அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. தோட்டத்துப் பிள்ளை வாசிப்பில் நாட்டமற்றது என்ற கூற்று ஆசிரியர் வட்டாரங்களில் இன்றும் அடிக்கடி கேட்பதொன்று. வரலாறு இக்கூற்றுக்குச் சான்று தருவதாயில்லை.

முதலில் லயத்தை நோக்குவோம். பாடசாலை வருமுன்னரே அங்கு புத்தகம் வந்துவிட்டது. சென்னையில் இரத்தின நாயகர் முதலானோர் அச்சிட்ட ‘பெரிய எழுத்து’க் கதைநூல்கள், நல்லதங்காள், அல்லியரசாணி, மதுரைவீரன், விக்கிரமாதித்தன் எனத் தமிழகத்துக் கிராமங்களில் எவ்வாறு பரவினவோ அவ்வாறே கடல் கடந்து தோட்டங்களையும் அடைந்தன. எழுத்தைப் பெரிதாக அச்சிட்டமை, அரைகுறையாக எழுத்தறிந்தோனும் குப்பி விளக்கொளியில் வாசிக்க வாய்ப்பாயிற்று. எழுத்தறிந்த ஒருவர் இஸ்தோப்பிலிருந்து இராகமிட்டு வாசிப்பார், சுற்றியிருப்போர் கேட்பர், பிள்ளைகள் அவர்களின் மடியிலிருந்து கேட்கும். ஒரு நூலுக்கு ஒரு வாசகரும் பல கேட்போரும் என்பதே அங்கு நிலவிய வாசிப்பு முறை. காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் இதற்கு அடித்தளமிட்டிருந்தன. கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையாரும் இம்முறையின் ஆற்றலை நன்குணர்ந்தவர்கள். மீனாட்சியம்மையார் தொழிலாளரின் இன்னல்களைப் பாட்டாக்கி, சிறு நூல்களாக அச்சிட்டுக் கூட்டங்களிலே தாமே பாடினார். எழுத்தறியாதோரிடத்தும் அச்சு நூல் செல்லும் வழி குரலே என்பதை அவர் செயலிற் காட்டினார்.

பாடசாலை இதற்கு மாறான ஒழுங்கில் வந்தது. 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும், 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கற்பிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் ஒப்படைத்தன. 1920ஆம் ஆண்டின் சட்டம் கருதிய வயதெல்லை 6 முதல் 10 வரையே. பத்து வயதில் மலைக்கு வேலைக்குச் செல்லவேண்டிய பிள்ளைக்குக் கதைப் புத்தகம் எதற்கு என்று துரைமார் நினைத்திருப்பின் அது அவர்களின் பொருளாதார நியாயத்துக்கு இசைவானதே. துண்டில் எழுதிய பெயரையும் சம்பளக் கணக்கையும் படிக்குமளவே உற்பத்தி முறைக்கு வேண்டியிருந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறம்பாகவே நின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர் அப்பிள்ளைகளுக்காக வாதிடக் கூடிய வாக்குப் பலமும் அற்றுப்போயிற்று.

இங்கு ஓர் ஒப்பீடு பொருந்தும். தஞ்சை மாவட்டம் சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது அவற்றுள் முதலாவது. ஐரோப்பாவிலே நூல்களைச் சங்கிலியாற் பிணைத்து வைத்த காலத்தை நினைவுகூர்ந்தே அவர் இவ்விதியை விளக்கினார். அதே ஆண்டில் மன்னார்குடியில் மாட்டுவண்டியொன்று நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் புறப்பட்டது. மலையகத் தொழிலாளரிற் கணிசமானோரின் பூர்வீகம் திருச்சி, தஞ்சை, சேலம், மதுரைப் பகுதிகளே. ஊரிலே தங்கிவிட்ட உறவினரின் வாசலுக்கு நூல் வண்டியிற் சென்றது. தோட்டத்துக்கு வந்தவரின் பிள்ளைக்கு அவ்வண்டி வந்து சேரவில்லை.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகியதைத் தொடர்ந்து, 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கலாயிற்று. மாத்தளையைப் பொறுத்தவரை இக்காலம் முரண்பாடானது. உயர்ந்த மலைச்சாரல்களிலே தேயிலையும், தாழ்ந்த பகுதிகளிலே இறப்பரும் கொக்கோவும் என விரவிக் கிடந்த இம்மாவட்டத்துத் தோட்டங்களிற் சில துண்டாடப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் வன்னிப் பகுதிக்கு இடம்பெயர்ந்தன. 525,000 பேரை இந்தியா ஏற்பதென 1964இல் கையொப்பமான உடன்படிக்கையின்படி தலைமன்னாரிற் கப்பலேறியோர் வேறு. 1983 ஜூலையில் மாத்தளை நகரின் தமிழர் கடைகளும் முத்துமாரியம்மன் கோயிலும் தாக்குதலுக்குள்ளாயின. பாடசாலையை அரசு கையேற்ற அதே ஆண்டுகளிலே அதன் பிள்ளைகள் சிதறிக்கொண்டிருந்தனர். இந்நிலையில் நூலகம் என்ற ஒன்று தளிர்க்காமற் போனதில் வியப்பில்லை.

1980இல் இலவசப் பாடநூல் விநியோகம் தொடங்கியமை பெரும் பேறே. ஆயின் பாடநூலுக்கு அப்பால் வாசிக்கக் கிடைத்தவை எவை? பாலர் பாடல்களும் கதைகளும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பிறந்தவை. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாடல்களின் அருமையில் எமக்கு ஐயமில்லை. எனினும் ஆடிக்கூழும் பனங்கட்டியும் இரத்தோட்டையின் மலைச்சரிவிற் பிறந்த பிள்ளைக்கு அயலூர்ச் செய்திகளே. கொழுந்துக் கூடையும் பிரட்டுக் களமும் பிள்ளைக் காம்பராவும் இடம்பெற்ற படக்கதை அதன் கைக்கு எட்டவில்லை. முற்போக்கு நூல் நிலையங்கள் வழியே மலிவாகக் கிடைத்த சோவியத்துச் சிறுவர் நூல்களின் பனிக்கரடி கூட ஒருவகையில் அதற்குச் சமதூரத்திலேயே நின்றது. தமிழின் அகன்ற உலகம் அதற்கு வேண்டாமென்பதன்று எமது வாதம். முதற் புத்தகத்தில் தன் முகத்தைக் காணாத பிள்ளை இரண்டாம் புத்தகத்தைத் தேடுவது அரிது.

1998இல் தொடங்கிய, உலக வங்கியின் உதவி பெற்ற இரண்டாவது பொதுக் கல்வித் திட்டம் நாடெங்கும் பாடசாலை நூலகங்களை அமைக்க முற்பட்டது. ஆசிரிய நூலகர்களைப் பயிற்றுவிக்கக் கொழும்புப் பல்கலைக்கழகத்திலே தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் 1999இல் நிறுவப்பட்டது. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதமாயிற்று. 2005 முதல் இலங்கையில் இயங்கிய ‘ரூம் டு ரீட்’ போன்ற அமைப்புகள் தமிழிலும் சிங்களத்திலும் படக்கதைகளை வெளியிட்டு வாசிப்பு அறைகளை அமைத்தன. நூல் இல்லை என்ற குறை இவற்றால் ஓரளவு நீங்கியதெனலாம்.

எனினும் அலுமாரி பூட்டப்படும் வழக்கம் எளிதில் நீங்கவில்லை. இதற்கு ஆசிரியரைப் பழிப்பதிற் பயனில்லை. அரச பாடசாலையில் நூல் ஒரு பொருட்பதிவேட்டு உருப்படி. ஆண்டுதோறும் கணக்கெடுப்பு நடைபெறும். குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அதிபர். மழை ஒழுகும் லயக் காம்பராவுக்குச் செல்லும் நூல் கசங்கியே திரும்பும். கசங்காத நூல் வாசிக்கப்படாத நூல் என்பதைக் கணக்காய்வு அறியாது. ஆகவே மிகச் சிறந்த நூல்களே மிகப் பத்திரமாகப் பூட்டப்படுகின்றன. இதனோடு ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும் சேர்ந்துகொள்கிறது. தோட்டத்துப் பெற்றோருக்கு அப்பரீட்சை லயத்திலிருந்து வெளியேறும் ஒரு கதவு; அவர்கள் மாதிரி வினாத்தாளுக்குப் பணஞ் செலவிடுவதை யாரும் குறைகூற இயலாது. விளைவு, நூலக பாடவேளை பயிற்சி வினாக்களுக்கு இரையாவதே.

வாசிப்பு இன்பமாக மாறும் பாடசாலைகளில் நிகழ்வதென்ன? ஆசிரியர் உரத்து வாசிக்கிறார். பிள்ளைகள் வட்டமாயிருந்து கேட்கின்றனர். படத்தைப் பார்த்து அடுத்து வருவதை ஊகிக்கின்றனர். பின்னர் கைக்கெட்டும் உயரத்திலுள்ள தட்டிலிருந்து தாமே ஒன்றைத் தெரிந்து வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். புதிய கற்பித்தல் முறையெனப் பயிற்சிப் பட்டறைகளிற் போதிக்கப்படும் இது, பெரிய எழுத்து நல்லதங்காளைச் சுற்றி இஸ்தோப்பில் நிகழ்ந்ததினின்று எவ்வளவு வேறுபட்டது? வீட்டுக்குச் செல்லும் நூலை அங்கே பாட்டிக்கு வாசித்துக் காட்டும் பிள்ளை, பழைய முறையின் இரு பாத்திரங்களையும் இடம்மாற்றி வைக்கிறது. முன்பு முதியவர் வாசித்தார், பிள்ளை கேட்டது.

சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் நூலாக வெளிவந்தன. தாலாட்டு, கொழுந்தெடுக்கும் பாட்டு, கங்காணியைக் கிண்டல் செய்யும் பாட்டு எல்லாம் அதிலுண்டு. ஆய்வாளர் பலர் அதனை மேற்கோள் காட்டியுள்ளனர், நாமும் காட்டியுள்ளோம். அப்பாடல்களிற் சிலவற்றைத் தெரிந்து, பெரிய எழுத்தில், படங்களுடன், பதினாறு பக்கச் சிறு நூல்களாக வெளியிடுவது ஒரு பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் பணவசதிக்கு அப்பாற்பட்டதன்று. அச்சிட்டால், பிரதிகளைப் பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏற்றாது பிள்ளைகளின் கையிலேயே கொடுத்துவிடுவது நலம்.