நோன்பின் மிச்சம் யாருக்கு?

நம் மறைமலை நகர் ஒரு சைவத் துறவியின் பெயரைத் தாங்கியது. 1898 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த மறைமலையடிகள்தான் அவர். 1911-இல் பணியை விட்டுப் பல்லாவரத்தில் துறவு பூண்டார். தனித்தமிழ் இயக்கம் அதன் பிறகு எழுந்தது. அவர் சேர்த்த நூல்கள் 1958-இல் பொதுநூலகமாயின. அவர் துறந்ததில் தமிழுலகுக்கு ஒரு பங்கு கிடைத்தது.

கிறிஸ்தவ வாழ்வின் பரிசுத்தத்தையும் இதே கண்கொண்டு பார்க்கலாம். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் ஆவியின் கனியை விவரிக்கையில் அன்பில் தொடங்கி இச்சையடக்கத்தில் முடிக்கிறார். கனி என்றபின் அது மீட்புக்கு நாம் கட்டும் விலையாகாது. கிருபையில் வேர்விட்ட மரம் காய்ப்பது. காய்த்ததைப் பிறர் உண்ணவேண்டும். ஏசாயா 58-ஆம் அதிகாரம் உபவாசத்தை அளப்பதும் இந்த அளவுகோலால்தான்: பசித்தவனுக்கு அப்பம் போய்ச் சேர்ந்ததா?

தமிழ் மண்ணில் இதற்குச் சிறந்த சான்று திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம். சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எர்னெஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற இரு மருத்துவர்கள் 1921-இல் அதைத் தொடங்கினார்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்றே மக்கள் அவர்களை அழைத்தார்கள். இருவரும் மணவாழ்வைத் துறந்தார்கள், கதர் உடுத்தினார்கள், சைவ உணவு உண்டார்கள். திராவிடக் கோயிற்கலையின் சாயலில் ஜெபாலயம் எழுப்பினார்கள். மருத்துவர்களாக ஈட்டியிருக்கக்கூடிய செல்வத்தை விட்டுக்கொடுத்து, ஊர் ஏழைகளுக்கு மருத்துவமனை நடத்தினார்கள். எளிமைக்கு விலையும் உண்டு. 1932-இல் சென்னைத் தெருவில் கதருடன் நின்ற பேட்டனை மறியல்காரர் என்று கருதிக் காவலர் அடித்தனர். நாட்டு மக்களின் உடையை ஏற்றவருக்கு அவர்கள் பட்ட அடியிலும் பங்கு வந்தது.

ஆசிரமம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே நம் தாய்மார் கண்ட வழி பிடி அரிசிக் காணிக்கை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப்பானையில் போட்டுச் சேர்த்து, ஞாயிறன்று ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் பிடியால் வீட்டில் யாரும் பட்டினி கிடந்ததில்லை. ஆனால் அடுப்படியில் நாள்தோறும் ஒருமுறை அடுத்தவர் நினைவு வந்தது. துறவியின் நோன்புக்கும் இல்லத்தரசியின் பிடி அரிசிக்கும் அளவில்தான் வேறுபாடு.

ஷிப்டு முறையில் இயங்கும் ஊர் நம்முடையது. அப்பா இரவுப் பணி முடிந்து வரும்போது பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். குடும்ப ஜெபத்துக்கு ஒரே நேரம் அமைவது அரிது. ஐந்து நிமிடமானாலும் எல்லாரும் கூடும் வேளையைக் கண்டுபிடித்துக் காப்பதே இங்கு ஓர் ஒழுக்கம். லெந்து நாள்களில் இறைச்சியை விடுகிறோம், சிலர் கைப்பேசியையும் குறைக்கிறோம். நல்லது. மிச்சமான பணம் பண்டிகைத் துணிக்கும், மிச்சமான நேரம் தொலைக்காட்சிக்கும் போனால், நமக்கு நாமே கடன் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டதாகும். அந்தப் பணம் வேலையிழந்த ஒப்பந்தத் தொழிலாளியின் வாடகைக்கும், அந்த நேரம் தனித்திருக்கும் முதியவரின் திண்ணைக்கும் போகட்டும். எதை விட்டோம் என்று கணக்கெழுதும் சபை, அது யாருக்குப் போயிற்று என்பதையும் அருகிலேயே எழுதவேண்டும்.