சந்திரஹாசன், எஸ். சி.

வழக்கறிஞர், ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் நிறுவனர். ‘தந்தை செல்வா’ எனப் போற்றப்படும் சா. ஜே. வே. செல்வநாயகத்தின் மகன். இலங்கைத் தமிழரசுக் கட்சியை 1949இல் தொடங்கி இறுதிவரை அறவழியில் நின்ற தந்தை, 1977இல் மறைந்தார். இலங்கையில் தமிழருக்கு எதிரான 1983 ஜூலைப் படுகொலையை அடுத்து மகன் ஏதிலியாகத் தமிழகம் வந்துசேர்ந்தார்.

கழகம் 1984இல் சென்னையில் உருவானது. படகில் வந்திறங்கியவர்களுக்கு அரசு தங்குமிடமும் அரிசியும் பணக்கொடையும் தந்தது. மற்றதை ஏதிலியரே தமக்காகச் செய்துகொள்ள வேண்டும் என்பதில் சந்திரஹாசன் உறுதியாக இருந்தார். அதனால் கழகத்தின் பணியாளர்களும் பெரும்பாலும் ஏதிலியர்களே. அவருடைய மிகப் பெரிய சாதனை இதுதான்.

இலங்கை அரசுக்கும் தமிழ் அமைப்புகளுக்கும் இடையிலான திம்புப் பேச்சுவார்த்தை முறிந்ததும், 1985 ஆகஸ்டில் இந்திய அரசு அவரை நாடுகடத்த முயன்று அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றியது. போன வேகத்தில் அவர் திரும்பினார். தமிழகத்தில் எதிர்ப்பு கிளம்பவே, ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது.

முகாம்களில் மாலை வகுப்புகள் நடந்தன. குழந்தைகளின் சத்துக் குறைவைப் போக்கச் சுருள்பாசி வளர்க்கப்பட்டது. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏதிலி மாணவர்களுக்குக் கல்லூரிக் கதவுகள் அடைபட்டன. அவை மீண்டும் திறக்கக் கழகம் விடாமல் வாதாடியது. 2004 ஆழிப்பேரலையின்போது முகாம்வாசிகளே தமிழகக் கடலோரத்தில் துயர் துடைக்கச் சென்றனர்.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டில் இத்தகைய முகாம் ஒன்று உள்ளது. விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது.

கழகத்தின் பணிகளில் வெளியே அதிகம் பேசப்படாதது சான்றிதழ் வேலை. இந்தியாவில் 1987 ஜூலை 1 முதல் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை கிடைக்கும். ஏதிலியின் பிள்ளைக்கு அது இல்லை. இலங்கைக் குடியுரிமை வேண்டுமென்றாலும், உள்ளூரில் பிறப்பைப் பதிந்து, பெற்றோரின் ஆவணங்களைத் தேடியெடுத்து, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வீடு எரிந்தபோதே பத்திரங்களையும் இழந்தவர்கள் எங்கே போவார்கள்? குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கழகத்தினர் இந்தத் தாள்களைச் சேர்த்துக் கொடுத்தனர். எந்த ஊர், யார் பிள்ளை என்ற நினைவு அழியாமல் இருப்பதற்குக் கல்லில் எழுப்பும் சின்னத்தைவிட இதுவே உறுதியான வழி. நாடு திரும்பி நிலம் கேட்கும்போதும் இந்தத் தாள்தான் பேசும்.

2009இல் போர் முடிந்தபின், ஊர் திரும்பியோருக்கான பணிகளைக் கழகத்தின் இலங்கைக் கிளை மேற்கொண்டது. இங்கேயே தங்கிவிட்டவர்களை 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. 2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றி, ரூ. 317 கோடிக்கு நலத்திட்டங்களை அறிவித்தது.