ஓர் அறைக்குள் அடங்கிய இணையம்: திருச்சிராப்பள்ளி – திருவரங்கம் வட்டாரத்தில் தொடக்ககாலக் குழுக் கணினி விளையாட்டும் நினைவேக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

இணையவழிக் குழு விளையாட்டின் தொடக்க நாள்களை ஏக்கத்துடன் நினைவுகூரும் போக்கு, இரண்டாயிரங்களின் முற்பகுதியில் மாணவராயிருந்தோரிடம் காணப்படுகிறது. திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, அவ்வேக்கத்தின் பொருள் இணையம் அன்று, ஒரே அறையில் அமைந்த உள்ளக வலைப்பின்னலே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அக்கால விளையாட்டுக்கு எழுத்துச் சான்றுகள் அரிதாதலின், நினைவையே சான்றாகக் கொள்வதிலுள்ள இடர்ப்பாடுகளையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: நினைவேக்கம், பிரவுசிங் சென்டர், உள்ளக வலைப்பின்னல், கவுன்டர் ஸ்ட்ரைக், வாய்மொழி வரலாறு.

முன்னுரை

நினைவேக்கத்தைக் குறிக்கும் மேலைச் சொல்லை 1688இல் பேசல் நகர மருத்துவ மாணவர் யோகன்னஸ் ஹோஃபர் ஒரு நோயின் பெயராகவே படைத்தார். தாயகம் பிரிந்தோரின் துயரை அது குறித்தது. ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் வெளியிட்ட நூலில், இழந்ததை மீட்டமைக்க முயலும் ஏக்கம், இழப்பை எண்ணிப் பார்க்கும் ஏக்கம் என அதனை இருவகைப்படுத்தினார். கணினி விளையாட்டு குறித்த ஏக்கம் இவற்றுள் எவ்வகையது என்பதை அறிய, இழந்தது எது என முதலில் தெளிதல் வேண்டும்.

களமும் காலமும்

இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இச்சேவையில் நுழைய வழி பிறந்தது. இதன் பின்னர்த் தமிழகச் சிறுநகரங்கள்வரை பரவிய இணைய மையங்களை மக்கள் ‘பிரவுசிங் சென்டர்’ என்றே வழங்கினர். தேர்வு முடிவு பார்த்தல், விண்ணப்பம் நிரப்புதல், மின்னஞ்சல் அனுப்புதல் ஆகியவை அவற்றின் பகற்பணிகள்.

திருச்சிராப்பள்ளி கல்லூரிகள் மிகுந்த நகரம். 1844இல் தோன்றிய தூய வளனார் கல்லூரி முதல், 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமான துவாக்குடி நிறுவனம்வரை மாணவர் திரள் இங்கு நிலையானது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கம் 1994இல் இம்மாநகராட்சியுடன் இணைந்தது. தீவிலிருந்து பாலம் கடந்து நகருக்கு நாள்தோறும் வந்து செல்லும் மாணவருக்கு, வகுப்பறைக்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட மூன்றாம் இடமாகப் பிரவுசிங் சென்டர் அமைந்தது.

விளையாட்டும் வலைப்பின்னலும்

மின் லே, ஜெஸ் கிளிஃப் ஆகியோர் ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டின் மாற்றுருவாக உருவாக்கிய ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ 1999இல் வெளிவந்தது. 2000 நவம்பரில் வால்வ் நிறுவனம் அதனை வணிகப் பொருளாக்கியது. போட்டிகளில் ஓர் அணிக்கு ஐவர் என்பது மரபாயிற்று. ஒரு சுற்றில் வீழ்த்தப்பட்டவர் அச்சுற்று முடியும்வரை மீண்டும் களமிறங்க இயலாது. இவ்விதி அறைக்குள் ஒரு தனி வழக்கத்துக்கு இடமளித்தது. வீழ்ந்தவர் எழுந்து தோழரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, எதிரி எங்கிருக்கிறார் எனக் குரல் கொடுப்பார். பார்வையாளரும் ஆட்டக்காரரும் அடுத்தடுத்த சுற்றுகளில் இடம் மாறுவர்.

இவ்விளையாட்டு இணையம் வழியாகவும் நடைபெறக்கூடியதே. எனினும் தொலைபேசிக் கம்பிவழி இணைப்பில் கட்டளை சென்று திரும்ப நூறு மில்லிநொடிக்கும் மேலாகும். அறைக்குள் கம்பியால் பிணைத்த கணினிகளுக்கிடையே சில மில்லிநொடிகளே போதும். நொடிப் பொழுதில் வெற்றி தோல்வி தீரும் ஆட்டத்தில் இவ்வேறுபாடு முதன்மையானது. 2003இல் வந்த 1.6 பதிப்பு ஸ்டீம் தளத்துடன் இணைக்கப்பட்டது. முறையான கணக்கின்றி அதன் இணைய வழங்கிகளில் நுழைய இயலாது. உரிமம் பெறாத படிகளோ உள்ளக வலைப்பின்னலில் தடையின்றி இயங்கின. மணிக்கணக்கில் வசூலிக்கப்பட்ட கட்டணமும் இத்துடன் சேர, ‘ஆன்லைன்’ என இன்று நினைவுகூரப்படும் ஆட்டம் பெரும்பாலும் அறைச் சுவர்களுக்குள்ளேயே நிகழ்ந்தது. எதிரணி முகமறியாதவர் அல்லர்; பக்கத்து வகுப்பினர் அல்லது பக்கத்துத் தெருவினர். ஆட்டம் முடிந்த பின் தோற்றவரும் வென்றவரும் ஒரே பேருந்தில் பாலம் கடக்க நேரலாம்.

அறை கலைந்தமை

2004ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை விநாடிக்கு 256 கிலோபிட் வேகத்தை அகலப்பட்டையின் கீழெல்லையாக வரையறுத்தது, 2005இல் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டைச் சேவை தொடங்கியது. கணினியும் இணைப்பும் வீடு புகவே, அறையின் தேவை குறைந்தது. 2011ஆம் ஆண்டின் இணைய மைய விதிகள் அடையாளச் சான்றையும் வருகைப் பதிவேட்டையும் கட்டாயமாக்கின. தடுப்புகளின் உயரம் நான்கரை அடியைத் தாண்டலாகாது என்றன. 2016க்குப் பின் மலிவான கைப்பேசித் தரவு எஞ்சிய மையங்களின் வாடிக்கையையும் ஈர்த்துக்கொண்டது. இணைய இணைப்பு விரிந்த அளவிற்கு, கூடி ஆடிய இடம் சுருங்கியது.

நினைவு என்னும் சான்று

மேற்குறித்த விதிகளின்படி பதிவேட்டை ஓராண்டேனும் காக்க வேண்டும். அதற்கு மேல் கட்டாயமில்லை. உள்ளக வழங்கிகளின் ஆட்டக் குறிப்புகள் வட்டுகளோடு அழிந்தன. எனவே ஆட்டக்காரரின் நினைவே முதன்மைச் சான்றாகிறது. ஆயினும் ஏக்கம் தேர்ந்தெடுத்தே நினைவுகூரும். மாலையில் வெளியே தங்க இசைவும் மணிக்கட்டணம் செலுத்தப் பணமும் உடைய ஆண் பிள்ளைகளுக்கே அவ்வறை பெரிதும் திறந்திருந்தது. ‘எல்லோரும் ஆடினோம்’ எனும் கூற்றில் அவ்வெல்லோருள் அடங்காதோர் யார் என ஆய்வாளர் வினவுதல் வேண்டும். மைய உரிமையாளர், பெற்றோர், நுழைய இயலாத மாணவியர் ஆகியோரின் கூற்றுகளையும் பதிவு செய்தாலன்றி இவ்வரலாறு ஒருபக்கச் சார்புடையதாகும்.

முடிவுரை

2022 டிசம்பரில் இந்திய அரசு மின்விளையாட்டைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் பகுதியாக ஏற்றது. 2023இல் நடைபெற்ற ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது பதக்கப் பிரிவாயிற்று. ஆட்டம் இவ்வாறு ஏற்றம் பெற்றிருக்க, அதன் தொடக்ககால ஆட்டக்காரர் ஏங்குவது இன்றும் கிடைக்கும் ஆட்டத்திற்கு அன்று. தோழரின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற இடத்திற்கே. அதனை மீட்டமைத்தல் அரிது. பதிவு செய்தல் இயலும். அத்தலைமுறையினர் நினைவுத் தெளிவுடன் இருக்கும் இக்காலத்திலேயே திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வட்டாரத்தில் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பு தொடங்கப்பெறுதல் இன்றியமையாதது.